கருவி சொல்லட்டும், பொறுப்பு நம்முடையது
(ரமளானை வரவேற்கும் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் நிகழ்த்திய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பெரியவர்களே, தாய்மார்களே, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களே! ரமளான் நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் "வணக்கத்தில் நவீனக் கருவிகள்" என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஜமாஅத்தார் கேட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் தவறைச் சொல்லித் தொடங்குவது எளிது. நாங்கள் எங்கள் தவறைச் சொல்லித் தொடங்குகிறோம்.

சென்ற ரமளானில் ஒரு நாள் நோன்பு திறக்கும் ஏற்பாட்டை அறக்கட்டளை செய்திருந்தது. கஞ்சியும் பேரீச்சம்பழமும் பரிமாறி எல்லோரும் காத்திருந்தோம். மைக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு செல்போனில் பாங்கு ஒலித்தது. மைக் அதை எல்லோருக்கும் கேட்க வைத்தது. முப்பது பேருக்கு மேல் நோன்பைத் திறந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் மோதினார் வேகமாக வந்து, "யார் பாங்கு சொன்னது? நேரம் ஆகவில்லையே!" என்றார். அந்தப் போனில் ஊர் என்ற இடத்தில் சென்னை என்று இருந்தது. நமக்கு அப்போது இன்னும் 12 நிமிடம் பாக்கி இருந்தது.

ஹஜ்ரத்திடம் கேட்டோம். தெரியாமல் நடந்ததால் பாவம் இல்லை, கஃப்பாராவும் இல்லை. ஆனால் சூரியன் மறைவதற்கு முன் திறந்த நோன்பை ஒரு நாள் களா செய்ய வேண்டும் என்றார்கள். மறுநாள் தொழுகைக்குப் பின் அதை அறிவித்தோம். சர்க்கரை நோயோடு நோன்பு வைத்திருந்த ஒரு தாயார் எங்களைத் தேடி வந்து, "அந்த நோன்பு எனக்கு இல்லையா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. போன் அவருக்குப் பதில் சொல்லாது. அதைத் தயாரித்தவரும் சொல்லமாட்டார். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

இன்று நாம் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். சூரியனையும் திசையையும் அளக்கிற வேலையில் கருவி நல்ல உதவியாளர். அதை நம் ஊருக்குச் சரிசெய்து பயன்படுத்துவோம். ஆனால் மார்க்கம் எந்த இடத்தில் ஒரு மனிதரைப் பொறுப்பாளராக நிறுத்துகிறதோ, அந்த இடத்தில் கருவியை நிறுத்தக் கூடாது.

முதலில் நேரத்தைப் பார்ப்போம்.

சென்னை நமக்குக் கிழக்கே இருக்கிறது. தீர்க்க ரேகைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியன் சென்னையில் உச்சிக்கு வந்து சுமார் 11 நிமிடம் கழித்துத்தான் சங்கரன்கோவிலில் உச்சிக்கு வரும். மஃக்ரிபில் இந்த வித்தியாசம் வருடம் முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஜூன் மாதத்தில் 4 நிமிட அளவுக்குக் குறையும். டிசம்பரில் 18 நிமிடம் வரை கூடும். ரமளான் பிப்ரவரி, மார்ச்சில் வரும் இந்த வருடங்களில் 11 முதல் 14 நிமிடம். ரமளான் வருடந்தோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து டிசம்பரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே தொலைக்காட்சியில் வரும் சென்னை பாங்கைக் கேட்டு இங்கே நோன்பு திறப்பவரின் தவறு, வரும் வருடங்களில் இன்னும் பெரிதாகும்.

"போன் எதற்கு? வானத்தைப் பார்த்தால் போதாதா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் நமக்கு மேற்கே மலை இருக்கிறது. சூரியன் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் போவதும், அடிவானத்தில் மறைவதும் ஒன்றல்ல. மலை மறைத்த பிறகும் சில நிமிடங்களுக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேலேயே இருக்கும். எனவே கண்ணும் ஏமாறும், போனும் ஏமாறும். சரியாகக் கணக்கிட்ட நம் ஊர் அட்டவணை இருந்தால் இரண்டையும் திருத்திக்கொள்ளலாம்.

போனில் தொழுகை நேரம் பார்ப்பவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, ஊர் சங்கரன்கோவில் என்று இருக்கிறதா? இரண்டாவது, ஃபஜ்ர் கணக்கு எது? சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது ஸுப்ஹு தொடங்குகிறது என்பதில் பல கணக்குகள் உண்டு. கராச்சி முறையும் உலக முஸ்லிம் லீக் முறையும் 18 பாகை. வட அமெரிக்காவில் வழங்கும் ஒரு முறை 15 பாகை. இந்த இரண்டுக்கும் இடையே நம் ஊரில் 12 நிமிட அளவுக்கு வித்தியாசம் வரும். 15 பாகையில் வைத்த போனைப் பார்த்து ஸஹர் சாப்பிடுகிறவர், பள்ளிவாசல் அட்டவணைப்படி ஸுப்ஹு வந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது, அஸ்ர். ஹனஃபி, ஷாஃபி என இரண்டு அமைப்பு இருக்கும். பல செயலிகள் தாமாகவே ஷாஃபி கணக்கில் இருக்கும். நம் ஜமாஅத் எதைப் பின்பற்றுகிறதோ அதில் வையுங்கள்.

அடுத்தது கிப்லா.

நம் பக்கத்தில் கிப்லா என்றால் மேற்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கிட்டுப் பார்த்தால், சங்கரன்கோவிலிலிருந்து கஅபா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை சாய்வில் இருக்கிறது. போனில் உள்ள திசைகாட்டி காந்தத்தை வைத்து வேலை செய்வது. இரும்புக் கட்டில், ஜன்னல் கம்பி, பீரோ பக்கத்தில் வைத்தால் தவறாகக் காட்டும். ஒரே வீட்டில் இரண்டு அறையில் இரண்டு கிப்லா காட்டியதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள்.

இதற்குச் செலவில்லாத, பிழையில்லாத ஒரு வழி இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. மே 28 அன்று நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கு, ஜூலை 16 அன்று பிற்பகல் 2.57 மணிக்கு. லீப் வருடமானால் ஒரு நாள் முன்னதாக வரும். அந்த நிமிடத்தில் சூரியன் இருக்கும் திசைதான் கிப்லா. மாடியில் ஒரு கம்பை நேராக நட்டுவையுங்கள். நிழல் விழுவதற்கு நேர் எதிர்த் திசையில் கோடு போட்டுவிட்டால் போதும். மேகம் மறைத்துவிட்டால் அடுத்த நாள் அதே நேரத்தில் பார்க்கலாம். பெரிய வித்தியாசம் வராது. பிள்ளைகளை அழைத்துச் சென்று செய்து காட்டுங்கள். மார்க்கமும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பது அவர்களுக்குத் தானே விளங்கும்.

அதே சமயம், பழைய பள்ளிவாசல் மேற்கு நோக்கி இருக்கிறது, அங்கே தொழுத முன்னோரின் தொழுகை கூடாது என்று யாரும் போனைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். கஅபாவைக் கண்ணால் காண முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் திசையை நோக்குவது போதும் என்பதே ஹனஃபி சட்டம். புதிதாகக் கட்டும்போது சரியாகக் கட்டுவோம். பழையதை வைத்துச் சண்டை வேண்டாம்.

கருவி வரும்போதெல்லாம் ஆலிம்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதைப் பிற்போக்கு என்று எண்ண வேண்டியதில்லை. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் நம் மக்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரில், சுல்தான் பள்ளிவாசலில் 1936இல் ஒலிபெருக்கி வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி பற்றி நம் நாட்டிலும் பெரிய விவாதம் நடந்தது. தொழுகையில் அதிலிருந்து வருவது இமாமின் குரலா, அல்லது எதிரொலி போன்ற வேறு ஓசையா என்று கேட்டார்கள். வேறு ஓசை என்றால் அதைப் பின்பற்றித் தொழ முடியாது. அந்த விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்து, இமாமின் குரல்தான் பெரிதாகி வருகிறது என்று தெளிவான பிறகு அனுமதித்தார்கள். கருவியைப் புரிந்துகொண்டு பிறகு தீர்ப்புச் சொன்னார்கள். நாமும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அந்த ஒலிபெருக்கிக்கும் இன்று ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி வைப்பதற்குச் சட்டத்தில் தடை உண்டு. பிறர் அமைதியைக் கெடுத்து வணங்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று, சென்னையில் எழுந்த ஒரு தேவாலய வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பு ஸஹருக்கு எழுப்ப ஃபக்கீர்கள் தப்ஸ் அடித்துக்கொண்டு தெருவில் வருவார்கள். இன்று ஒவ்வொரு தலையணைக்குப் பக்கத்திலும் அலாரம் இருக்கிறது. அதிகாலை மூன்றரை மணிக்கு ஒலிபெருக்கியில் ஸஹர் அறிவிப்பு எதற்கு? நம் தெருவில் கைக்குழந்தையோடு ஒரு தாய் தூங்குவார். அடுத்த தெருவில் நம் இந்துச் சகோதரர் வேலை முடிந்து வந்து படுத்திருப்பார். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இனி, கருவி நுழையக் கூடாத இடங்களுக்கு வருவோம்.

2020 ரமளானை யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. தராவீஹை வீட்டில் தொழுதோம். வெள்ளிக்கிழமை லுஹர் தொழுதோம். நேரலையில் ஓர் இமாமைப் பார்த்து அவர் பின்னால் தொழலாமா என்று அப்போது பலர் கேட்டார்கள். ஆலிம்களில் பெரும்பாலோர் கூடாது என்றார்கள். ஜமாஅத் என்பது இமாமும் மக்களும் ஓரிடத்தில் சேர்ந்து, வரிசை தொடர்ந்து நிற்பது. திரையில் இமாம் தெரிவார். நம் தோளோடு தோள் ஒட்டி யார் நிற்பார்? பயான் கேட்கலாம், குர்ஆன் ஓதக் கற்கலாம், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு சேர்ந்து துஆ செய்யலாம். தொழுகையின் வரிசை மட்டும் திரைக்குள் போகாது. பதிவு செய்த பாங்கும் இப்படித்தான். அது நேரத்தை நினைவூட்டும். ஆனால் பள்ளியின் பாங்கு ஆகாது. பாங்கு ஒரு மனிதர் நின்று சொல்லும் வணக்கம். அன்று எங்கள் மைக்கில் நடந்த தவறின் வேரே அங்கேதான் இருக்கிறது. மோதினார் சொல்ல வேண்டியதைப் போன் சொல்ல நாங்கள் இடம் கொடுத்தோம்.

அடுத்தது பிறை. வருடந்தோறும் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு நாளில் பெருநாள் கொண்டாடும் வேதனை நம் வீடுகளில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்ல வேண்டும். மினிக்காய்த் தீவில் பிறந்து, வள்ளியூரில் பல வருடங்கள் வாழ்ந்த அலி மணிக்ஃபான் அவர்கள். கடல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். ஒரு மீன் வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பழைய அரபு முறையில் கயிற்றால் பலகைகளைத் தைத்து அவர் முன்னின்று கட்டிய 'சோஹார்' என்ற கப்பல், 1980இல் ஓமானிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தது. 2021இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. பிறையைக் கணக்கிட்டு உலகம் முழுவதற்கும் ஒரே ஹிஜ்ரி நாட்காட்டி வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் பேசிவந்தார். அவருடைய முடிவை நம் ஜமாஅத் ஏற்கவில்லை. கண்ணால் பார்த்த சாட்சியை வைத்தே மாதம் தொடங்க வேண்டும், மேகமாக இருந்தால் முப்பதாகப் பூர்த்தி செய்ய வேண்டும் என்பதே நாம் பின்பற்றும் வழி. ஆனாலும் அவரைக் கேலி செய்ய நமக்குத் தகுதி இல்லை. வானத்தைப் படித்தவர் அவர். நம்மில் பலர் வாட்ஸ்அப்பை மட்டும் படிக்கிறோம்.

கணக்கும் பார்வையும் எதிரிகள் என்று நினைக்க வேண்டாம். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பார்வையே அடிப்படை, வானியல் கணக்கையும் ஆய்வுக்கூடங்களையும் துணையாகக் கொள்ளலாம் என்று முடிவு செய்தது. துணை என்றால் எப்படி? அமாவாசை எந்த நிமிடத்தில் நிகழும் என்பதைக் கணக்கு துல்லியமாகச் சொல்லிவிடும். சூரியனுக்கு முன்பே சந்திரன் மறையும் நாளில் ஒருவர் "பிறை பார்த்தேன்" என்றால் அவர் எதையோ பிறை என்று எண்ணிவிட்டார் என்று விளங்கும். எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் தேட வேண்டும் என்பதையும் கணக்கு காட்டும். நம் ஊரில் தாழ்வான பிறையை மலையே மறைத்துவிடக் கூடும் என்பதால் இந்தத் தகவல் நமக்கு அவசியம்.

ஆனால் போனில் வரும் பிறைப் படம் சாட்சி ஆகாது. அது எந்த வருடப் படம், எந்த ஊர், எடுத்தவர் யார்? தந்தி வந்த காலத்திலும் ஆலிம்கள் இதையேதான் கேட்டார்கள்: "தந்தி அடித்தவர் யார், அவரை விசாரிக்க முடியுமா?" சாட்சி என்பவர் முன்னால் வந்து, "நான் பார்த்தேன்" என்று சொல்லி, கேள்விக்குப் பதில் சொல்பவர். ஃபார்வர்டு அனுப்புகிறவர் பதில் சொல்வதில்லை. அடுத்த ஃபார்வர்டுக்குப் போய்விடுவார்.

ஆகவே பிறை பார்த்தவர்கள் நேரே பள்ளிவாசலுக்கு வாருங்கள். ஜமாஅத் விசாரித்து, காஜியின் அறிவிப்போடு சேர்த்து முடிவு சொல்லும் வரை படங்களைப் பரப்பாதீர்கள். உங்கள் தம்பி வேறு நாளில் பெருநாள் கொண்டாடினால் அவர் வீட்டுக்கும் போய் ஸலாம் சொல்லிச் சாப்பிட்டு வாருங்கள். பிறையில் கருத்து வேறுபாடு ஸஹாபாக்கள் காலத்திலேயே இருந்தது. உறவை முறிக்க அதில் இடமில்லை.

கடைசியாக, மிக முக்கியமானது. நிகாஹும் தலாக்கும்.

மாப்பிள்ளை வளைகுடாவில், பெண் இங்கே. வீடியோ அழைப்பில் நிகாஹ் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். அதே ஃபிக்ஹு அகாடமி 1990இல், தொலைபேசி போன்ற கருவிகள் வழியாகச் செய்யும் வியாபார ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டது. நிகாஹை அதிலிருந்து விலக்கியது. காரணம், நிகாஹுக்குச் சாட்சிகள் வேண்டும். இதற்கு நம் சட்டத்தில் பழைய, எளிய வழி இருக்கிறது. மாப்பிள்ளை தமக்காக ஒருவரை வக்கீலாக எழுத்தில் நியமிக்கட்டும். அவர் மஜ்லிஸில் வலீக்கும் சாட்சிகளுக்கும் முன்னால் அமர்ந்து, மாப்பிள்ளைக்காகக் கபூல் சொல்லட்டும். அந்தக் காட்சியை மாப்பிள்ளை போனில் பார்த்து மகிழட்டும். போன் மஜ்லிஸைக் காட்டலாம். மஜ்லிஸாக ஆக முடியாது.

தலாக்கைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. ஒரு குறுஞ்செய்தியில், ஒரு குரல் பதிவில், பல வருட வாழ்க்கையை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குர்ஆன் காட்டும் வழியைப் பாருங்கள். பிணக்கு வந்தால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவர். தலாக் என்றாலும் இத்தாவைக் கணக்கிட்டு. நேர்மையான இருவரைச் சாட்சியாக வைத்து. ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் நிற்கிறார், காலம் நிற்கிறது, மனம் மாற வழி திறந்திருக்கிறது. குறுஞ்செய்தி இவை எல்லாவற்றையும் ஒரு விரல் அழுத்தலில் தாண்டிவிடுகிறது. ஒரே மூச்சில் சொன்ன மூன்று, ஒன்றா மூன்றா என்பதில் ஆலிம்களிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. அது நல்ல முறை இல்லை என்பதில் வேறுபாடு இல்லை.

நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் உடனடி முத்தலாக்கைச் செல்லாது என்றது. 2019இல் வந்த சட்டம், வாயால் சொன்னாலும் எழுதினாலும் மின்னணு வழியில் அனுப்பினாலும் அது செல்லாது என்கிறது. மூன்று வருடம் வரை சிறைத் தண்டனையும் வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தின் மீது சமுதாயத்தில் விமர்சனங்கள் உண்டு; கணவர் சிறைக்குப் போனால் குடும்பத்துக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சட்டத்தைக் குறை சொல்வதற்கு முன், அந்தச் செய்தியை அனுப்பிய கையை நாம் பிடித்து நிறுத்தினோமா என்று கேட்டுக்கொள்வோம்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது அப்படி ஒரு செய்தி வந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள். வைத்திருங்கள். வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டியதில்லை. பெற்றோரிடமும் ஜமாஅத்திடமும் சொல்லுங்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100. பெண்களுக்கான உதவி எண் 181. அறக்கட்டளைக்குச் சொன்னால் உடன் வந்து நிற்போம்.

இந்த ரமளானில் நாங்கள் செய்யப்போவதையும் சொல்லி முடிக்கிறோம். நம் ஊருக்கென்று கணக்கிட்டு, ஹஜ்ரத் சரிபார்த்த நேர அட்டவணை வீடுதோறும் வரும். நோன்பு திறக்கும் இடத்தில் மைக்குக்குப் பக்கத்தில் போன் இருக்காது, மோதினார் இருப்பார். தினமும் அஸ்ருக்குப் பின் இரண்டு இளைஞர்கள் பள்ளியில் அமர்ந்து, கொண்டு வருவோரின் போனில் ஊரையும் கணக்கையும் சரிசெய்து தருவார்கள். அந்த இருவரில் ஒருவர், சென்ற வருடம் பாங்கு ஒலித்த போனின் சொந்தக்காரர். அவரே முன்வந்து கேட்டார்.

அந்தத் தாயார் ஷவ்வாலில் ஒரு நாள் களா நோன்பு வைத்தார். அன்று மாலை அவர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனதும் அந்த இளைஞர்தான். பள்ளியின் பாங்கு கேட்கும் வரை இருவரும் வாசலில் காத்திருந்தார்கள்.

அல்லாஹ் நம் தவறுகளை மன்னித்து, அறிவைப் பயனுள்ளதாக ஆக்கி, இந்த ரமளானை நம் எல்லோருக்கும் முழுமையாகத் தருவானாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.